கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு, ரோடியர் மில் வழியாக

கடலூர் - புதுச்சேரி சாலையை யாரும் ஊர் சுற்றிப் பார்க்கிற சாலையாக நினைப்பதில்லை. பெண்ணையாற்றுப் பாலம் தாண்டினால் நெரிசல், முள்ளோடையில் புதுச்சேரி எல்லை ஆரம்பித்தவுடன் வரிசையாக மதுக்கடைகள், அப்புறம் கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம் என்று ஒவ்வொரு ஊரிலும் ஏறி இறங்குகிற கூட்டம். ஆனால் இந்தச் சாலை முடியப் போகிற இடத்தில், முதலியார்பேட்டையில், ரோடியர் மில் இருக்கிறது. அதைப் பார்க்கத்தான் நானும் நண்பனும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பஸ் ஏறினோம்.

நண்பன் கடலூரில் தொழிற்சங்க வேலை பார்க்கிறவன், கம்யூனிஸ்ட் கட்சிக்காரன். நான் எந்தக் கட்சியிலும் இல்லை. கம்யூனிசமும் ஜனநாயகமும் ஒரே நாட்டில் சேர்ந்து இருக்க முடியுமா என்று எங்களுக்குள் பல வருடமாக ஒரு வாக்குவாதம் ஓடிக்கொண்டிருக்கிறது. முடியும், ஆனால் ஒரு நிபந்தனையோடு என்பது என் கட்சி. நிபந்தனை போட நீ யார் என்பது அவன் கட்சி.

இந்தச் சாலைக்கும் அந்த வாக்குவாதத்துக்கும் பழைய உறவு ஒன்று உண்டு. புதுச்சேரியில் பத்து ஆண்டு அடைக்கலம் இருந்த பாரதி, ரஷ்யாவில் ஜார் ஆட்சி விழுந்ததை அங்கிருந்துதான் பாடினார். அந்தப் பாட்டில் அவர் கொண்டாடியது குடிமக்கள் சொன்னபடி நடக்கிற ஆட்சியை. பிறகு கட்டுரை எழுதியபோது, கொலை செய்து சமத்துவத்தைக் கொண்டுவரலாம் என்பதை ஏற்கவே மறுத்தார். 1918 நவம்பரில் புதுச்சேரி எல்லையைத் தாண்டி பிரிட்டிஷ் பகுதிக்குள் வந்தவரைப் பிடித்து கடலூர் சிறையில்தான் போட்டார்கள். நூறு வருடம் ஆகியும் அந்த மனிதர் இரண்டு பக்கமும் கேட்ட கேள்வி தீரவில்லை.

மில்லுக்கு வருவோம். ஆங்கிலோ பிரெஞ்சு டெக்ஸ்டைல்ஸ், சுருக்கமாக ஏ.எஃப்.டி., 1898-ல் தொடங்கியது. புதுச்சேரிக்காரர்கள் வாயில் இன்றைக்கும் ரோடியர் மில்தான். எண்பதுகளில் அரசு எடுத்து நடத்தியது, 2011 டிசம்பர் கடைசியில் வந்த தானே புயல் பலத்த சேதம் செய்தது, 2020-ல் ஒரேயடியாக மூடிவிட்டார்கள். நகரத்துப் பேருந்து நிலையத்தைப் புதுப்பித்தபோது தற்காலிகப் பேருந்து நிலையம் இந்த மில் திடலில்தான் இயங்கியது. சங்கு ஊதினால் ஊரே நேரம் பார்த்த மில் அது. இப்போது வெளிச்சுவரில் அரச மரக்கன்று வேர்விட்டு நிற்கிறது, பூட்டிய கதவுக்கு முன்னால் இளநீர் வண்டி.

1936 ஜூலை 30. புதுச்சேரியில் அப்போது பெரிய மில்கள் மூன்று: சவானா, ரோடியர், கெப்ளே. வேலை நேரத்துக்குக் கணக்கில்லை, பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் ராத்திரி வேலை, சங்கம் வைக்க உரிமை இல்லை. வேலைநிறுத்தத்தில் இருந்த தொழிலாளர்கள் மீது பிரெஞ்சுக் காவல்துறை சுட்டதில் பன்னிரண்டு பேர் செத்தார்கள். இதில் என்னை உலுக்குகிற விஷயம் அந்தத் தேதி. அந்த நேரத்தில் பாரிசில் இருந்தது பிற்போக்கு ஆட்சி இல்லை. மக்கள் முன்னணி ஆட்சி. பிரதமர் லியோன் ப்ளூம் ஒரு சோஷலிஸ்ட், மந்திரிசபையில் சேராமல் வெளியிலிருந்து ஆதரவு கொடுத்தது பிரெஞ்சு கம்யூனிஸ்ட் கட்சி. பிரான்சுத் தொழிலாளிக்கு வாரம் நாற்பது மணி நேர வேலையும் சம்பளத்தோடு விடுமுறையும் கிடைத்தது அதே வருடம் ஜூன் மாதத்தில். ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த குடியரசு, இடதுசாரி அரசு, எல்லாம் சரி, ஆனால் புதுச்சேரித் தொழிலாளிக்கு அந்தக் குடியரசு துப்பாக்கியைத்தான் காட்டியது.

நண்பன் இந்த இடத்தில்தான் அழுத்துவான். "பார்த்தியா, ஓட்டு மட்டும் இருந்தா ஜனநாயகம் ஆயிடுமா? சங்கம் இல்லாத ஊர்ல தொழிலாளிக்கு என்ன ஜனநாயகம்?" அவன் சொல்வதில் நான் ஒரு எழுத்தையும் மறுக்கவில்லை. சுட்ட பிறகு நடந்ததும் அவனுக்குச் சாதகம்தான். போராட்டத்துக்குத் தலைமை தாங்கிய வ. சுப்பையா 1937-ல் பாரிசுக்கே போய் வாதாடினார். அந்த வருடமே பிரெஞ்சிந்தியாவுக்குத் தொழிலாளர் சட்டம் வந்தது: எட்டு மணி நேர வேலை, சங்கம் வைக்கும் உரிமை. ஆசியாவிலேயே முதலில் எட்டு மணி நேரம் வாங்கியது நாங்கள்தான் என்று புதுச்சேரியில் பெருமையாகச் சொல்வார்கள். யாரும் தூக்கிக் கொடுத்தது இல்லை அது.

சுப்பையாவின் வாழ்க்கையை அப்படியே தொடர்ந்து போனால் எங்கள் வாக்குவாதத்துக்குப் பாதி பதில் அதிலேயே கிடைக்கும் என்று எனக்குத் தோன்றும். கம்யூனிஸ்ட்டாகவே இருந்து 1947-ல் பிரெஞ்சு நாடாளுமன்ற மேலவைக்குத் தேர்வானார். பிரெஞ்சுக்காரர்களை வெளியேற்றப் போராடினார். இந்தியாவோடு சேர்ந்த பிறகு சட்டமன்ற அரசியலுக்கு வந்து, 1969-ல் ஃபாரூக் மரைக்காயர் தலைமையில் அமைந்த திமுக கூட்டணி அரசில் மந்திரியாக இருந்தார், அந்த ஆட்சி போனபோது பதவியும் போனது. வீட்டுக்குப் போய் மறுபடி சங்க வேலை பார்த்தார். ஒரு கம்யூனிஸ்ட் தலைவர் பதவிக்கு வருவதும் போவதும் இவ்வளவு சாதாரணமாக நடந்த ஊர் இது.

மில்லுக்கு எதிர்ப்பக்க டீக்கடையில் உட்கார்ந்தோம். பக்கத்து பெஞ்சில் ஒரு பெரியவர், எழுபதுக்கு மேல் இருக்கும், நாங்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டே இருந்தார். ஸ்பின்னிங்கில் இருந்தவராம். பதிலியாக, அதாவது வராத தொழிலாளிக்குப் பதிலாக வேலை பார்க்கிறவராகச் சேர்ந்து, பல வருடம் கழித்து நிரந்தரமானவர். இடது கை சுட்டுவிரல் நுனி இல்லை. நான் கேட்காமல் பார்த்ததை அவரே கவனித்து, "மெஷின்ல போச்சு தம்பி, அந்தக் காலத்துல நிறைய பேருக்குப் போச்சு" என்றார்.

"ஐயா, மில்லு முதலாளி கையில இருந்தப்ப நல்லா இருந்ததா, அரசாங்கம் எடுத்தப்பறமா?" என்று நண்பன் கேட்டான். அவன் எதிர்பார்த்த பதில் வேறு.

பெரியவர் டீயை ஆற்றிக்கொண்டே யோசித்தார். "முதலாளிகிட்ட இருந்தப்பவும் கேட்டுக்கு வெளிய கொடி புடிச்சோம். கவர்மென்ட் எடுத்தப்பறமும் அதே கேட்டுல கொடி புடிச்சோம். யார் கையில இருந்தா என்ன, மேல உக்கார்றவன் மேல உக்கார்றவன்தான். சங்கம் இல்லன்னா ரெண்டு பேருமே மதிக்க மாட்டான்."

அவர் டீக்கு நாங்கள் காசு கொடுக்கப் பார்த்தோம், விடவில்லை.

எனக்கு அந்தப் பதில் போதும். நண்பன் ஒத்துக்கொள்ளாத நிபந்தனையை அந்தப் பெரியவர் டீ குடித்துக்கொண்டே சொல்லிவிட்டார். மில் பொதுச்சொத்து ஆகிவிட்டால் தொழிலாளிக்கும் நிர்வாகத்துக்கும் சண்டையே இருக்காது, எனவே தனிச் சங்கமும் வேண்டாம், எதிர்க்கட்சியும் வேண்டாம் என்று நினைத்த நாடுகளில் என்ன ஆனது என்பது நமக்குத் தெரியும். 1962 ஜூன் 2-ல் சோவியத் நாட்டின் நோவோசெர்காஸ்க் நகரத்தில் ரயில் இன்ஜின் தொழிற்சாலைத் தொழிலாளர்கள் ஊர்வலம் போனார்கள். இறைச்சி, வெண்ணெய் விலை ஏறிவிட்டது, கூலியோ குறைந்துவிட்டது, அதுதான் காரணம். கையில் பிடித்திருந்தது செங்கொடியும் லெனின் படமும். சுட்டதில் இருபத்தாறு பேர் இறந்தார்கள். உடல்களை வீட்டுக்குக் கொடுக்காமல் வெவ்வேறு இடுகாடுகளில் ரகசியமாகப் புதைத்தார்கள். அதற்குப் பிறகு வழக்குப் போட்டு ஏழு பேருக்கு மரண தண்டனை. இருபத்தைந்து வருடத்துக்கு மேல் அந்த நாட்டுப் பத்திரிகை எதிலும் ஒரு வரி வரவில்லை.

புதுச்சேரியிலும் சுட்டார்கள், அங்கேயும் சுட்டார்கள். சுட்டவர்களில் யார் நல்லவர் என்று நான் தராசு பிடிக்கவில்லை. புதுச்சேரியில் செத்தவர்களின் பெயரைச் சொல்லி அழ முடிந்தது, சங்கம் கட்ட முடிந்தது, தலைவர் பாரிசுக்குப் போய்க் கேட்க முடிந்தது, ஜூலை 30-ஐ இன்றைக்கும் தியாகிகள் தினம் என்று அனுசரிக்க முடிகிறது. நோவோசெர்காஸ்கில் ஒரு தாய்க்கு மகன் எங்கே புதைந்திருக்கிறான் என்றுகூடத் தெரியாது. தொழிலாளி பெயரால் நடந்த ஆட்சியில் இது நடந்தது. போலந்திலும் இதே கதைதான். 1970-ல் விலையேற்றத்தை எதிர்த்த கப்பல் கட்டும் தொழிலாளர்களைச் சுட்டார்கள். பத்து வருடம் கழித்து கதான்ஸ்கில், லெனின் பெயர் வைத்த அதே கப்பல் கட்டும் தளத்தில் மறுபடி வேலைநிறுத்தம். முதல் கோரிக்கை கட்சிக்குக் கட்டுப்படாத சங்கம். செத்துப்போனவர்களுக்கு ஒரு நினைவுச்சின்னம் கட்ட வேண்டும் என்றும் கேட்டார்கள். அதைக் கேட்டு வாங்க வேண்டியிருந்தது, பாருங்கள்.

அதனால் என் நிபந்தனை இதுதான்: ஓட்டில் ஜெயித்து உள்ளே வருவது பெரிய விஷயம் இல்லை, தோற்றால் வெளியே போக வேண்டும், உள்ளே இருக்கும்போதும் தன்னை எதிர்த்துக் கொடி பிடிக்க விட வேண்டும். செக்கோஸ்லோவாக்கியாவில் 1946-ல் கம்யூனிஸ்ட் கட்சி நியாயமான தேர்தலிலேயே 38 சதவீதம் வாங்கி முதலிடம் வந்தது. 1948 பிப்ரவரியில் ஆட்சியை முழுசாகக் கைப்பற்றியது. அதற்குப் பிறகு அந்த மக்கள் சுதந்திரமாக ஓட்டுப் போட்டது 1990-ல். மேற்கு வங்கத்தைப் பாருங்கள். 1977-லிருந்து 34 வருடம் இடது முன்னணி. 2007 மார்ச்சில் நந்திகிராமில் விவசாயிகள் மீது துப்பாக்கிச்சூடு, பதினான்கு பேர் சாவு. அது மன்னிக்க முடியாத தவறு, நண்பனே ஒத்துக்கொள்வான். ஆனால் 2011-ல் மக்கள் தோற்கடித்தார்கள், அவர்களும் எழுந்து போய்விட்டார்கள். நேபாளத்து மாவோயிஸ்ட்டுகள் துப்பாக்கியை வைத்துவிட்டு வந்து 2008-ல் முதலிடம், 2013-ல் மூன்றாமிடம், இன்னும் தேர்தல் அரசியலில்தான் இருக்கிறார்கள்.

"எல்லாம் எங்களுக்கு மட்டும்தானா நிபந்தனை?" என்று நண்பன் கேட்டான். நியாயமான கேள்வி. 1957-ல் கேரளத்தில் ஈ.எம்.எஸ். தலைமையில் கம்யூனிஸ்ட் அரசு ஓட்டில் ஜெயித்து வந்தது, நிலச் சீர்திருத்தமும் கல்விச் சட்டமும் கொண்டுவந்தது, 1959 ஜூலை 31-ல் டெல்லி அதைக் கலைத்தது. சட்டமன்றத்தில் பெரும்பான்மை இருந்த அரசு. அதைக் கலைத்தவர் நேரு என்பது எனக்கு இன்னும் ஆறாத வருத்தம். சென்னை மாகாணத்தில் 1952 தேர்தலை எடுத்துக்கொள்ளுங்கள், காங்கிரசுக்கு 375-ல் 152தான், கம்யூனிஸ்ட்டுகள் 62 இடம் பிடித்தார்கள், பி. ராமமூர்த்தி சிறைக்குள் இருந்தபடியே மதுரையில் ஜெயித்தார். கடைசியில் முதல்வர் ஆனது தேர்தலில் நிற்காமல் நியமனத்தில் மேலவைக்கு வந்த ராஜாஜி. கம்யூனிஸ்ட்டைப் பார்த்து ஜனநாயகம் கற்றுக்கொள் என்று சொல்கிறவர்கள் இந்த இரண்டு கதையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நண்பனுக்கு இன்னொரு வாதம் உண்டு, அதுதான் வலுவானது. தோற்றால் போய்விடுகிற, சொத்துரிமையில் பெரிதாகக் கைவைக்காத கட்சி என்றால் அது கம்யூனிசமே இல்லை, சீர்திருத்தம்தான் என்பான். இருக்கலாம். எட்டு மணி நேரம், உழுதவனுக்கு நிலம், மருத்துவமனை, ரேஷன், இதெல்லாம் சீர்திருத்தம் என்றால் நான் அதோடு சந்தோஷமாக வாழ்வேன். மிச்சம் இருக்கிற தூரத்தை ஓட்டை நிறுத்திவிட்டுத்தான் கடக்க முடியும் என்றால் எனக்கு அந்தத் தூரம் வேண்டாம்.

மதியத்துக்கு மேல் வில்லியனூர் வழியாகக் கீழூர் போனோம். வயலுக்கு நடுவில் ஒரு சின்ன நினைவிடம். 1954 அக்டோபர் 18-ல் பிரெஞ்சிந்தியப் பிரதிநிதிகள் 178 பேர் இங்கே கூடி இந்தியாவோடு சேர்வதா என்று ஓட்டுப் போட்டார்கள். 170 பேர் ஆதரவு, எட்டுப் பேர் எதிர்ப்பு. அந்த எட்டுப் பேரும் எதிர்த்து ஓட்டுப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்கள் என்பது எனக்குப் பெரிய விஷயம். நண்பனுக்குப் பெரிய விஷயம் வேறு: சாதாரண ஜனங்களை நேரடியாக யாரும் கேட்கவில்லையே என்றான். இன்றைக்கும் புதுச்சேரிச் சட்டமன்றத்தில் மக்கள் தேர்ந்தெடுத்த முப்பது பேரோடு மத்திய அரசு நியமிக்கும் மூன்று பேர் உட்காருகிறார்கள், அவர்களுக்கும் ஓட்டுரிமை உண்டு, 2018-ல் உச்ச நீதிமன்றமும் அது செல்லும் என்று சொல்லிவிட்டது. இதில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே கட்சி.

திரும்பும்போது பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கவில்லை. அரியாங்குப்பம் தாண்டி சுண்ணாம்பாற்றுப் பாலத்தில் வண்டி நகராமல் நின்றபோது, கம்பியைப் பிடித்தபடி நண்பன் கேட்டான், "அந்த ரஷ்ய ஊர் பேரு என்ன சொன்ன? எங்க சங்கத்துல பசங்களுக்கு வகுப்பு எடுக்கிறோம். நீ வந்து அதைப் பேசு. நான் கேரளா 59 பேசுறேன். ரெண்டையும் கேக்கட்டும்."

தேதி மட்டும் சொல் என்றேன்.