கரும்பலகையில் தொங்கிய பெருங்கை மனிதன்

எங்கள் உயிரியல் ஆசிரியருக்குப் படம் வரைய வராது. இந்த மலரை வாசிக்கும் அவருடைய மாணவர்கள் யாரும் இதை மறுக்க மாட்டார்கள். ஆனால் ஒரு படம் விகாரமாக அமைந்ததற்கு மட்டும் அவர் பொறுப்பல்ல. தடித்த உதடுகள், பெரிய நாக்கு, முறம் போன்ற கைகள், குச்சி உடம்பு. வகுப்பே சிரித்தது. "சிரியுங்கள், உங்கள் மூளையிலும் இப்படி ஒருவன் தலைகீழாகத் தொங்குகிறான்" என்றார்.

அந்த மனிதனை உலகுக்குக் காட்டியவர் மாண்ட்ரியல் நகரின் அறுவை மருத்துவர் வில்டர் பென்ஃபீல்டு. மூளைத் திசுவுக்கு வலி தெரியாது. ஆகவே நோயாளி விழித்திருக்கும்போதே மூளையின் மேலுறையான பெருமூளைப் புறணியை மெல்லிய மின்சாரத்தால் தொட்டு, எங்கே தொட்டால் விரல் அசைகிறது, எங்கே தொட்டால் உதடு மரத்துப்போவதாகச் சொல்கிறார் என்று குறித்துக்கொண்டே போனார். எட்வின் போல்ட்ரியுடன் 1937இல் வெளியிட்ட கட்டுரையில்தான் அந்த உருவம் முதலில் வந்தது. மூளையில் அதிக இடம் பெற்ற உறுப்பு அதில் பெரிதாக இருக்கும். புறணியில் ஓடும் நடுப்பள்ளத்துக்கு முன்னே இருப்பது இயக்கப் பகுதி, பின்னே இருப்பது உணர்ச்சிப் பகுதி. இடப்பக்க மூளை வலப்பக்க உடலைக் கவனிக்கிறது.

உறுப்பின் பருமனுக்கும் அதற்குக் கிடைத்த இடத்துக்கும் தொடர்பில்லை என்பதை நிரூபிக்க எங்கள் ஆசிரியர் கவராயத்தைக் கையில் எடுத்தார். விரல் நுனியில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளியிலேயே இரு முனைகளும் தனித்தனியாகத் தெரிந்தன. முதுகிலோ சில சென்டிமீட்டர் விலக்கி வைத்தும் ஒன்றாகவே தோன்றின. முதுகைக் கொடுத்த மாணவன் இன்று எங்கே இருக்கிறானோ!

புறணியின் ஆறு அடுக்குகளை மட்டும் ஒரே மூச்சில் சொல்லிக் கடந்துவிட்டார். எனக்கு அதில் இன்றும் குறைதான். உணர்ச்சிப் பகுதியில், மூளையின் உள்ளே உணர்வுச் செய்திகளைக் கடத்திவிடும் தலமஸிலிருந்து வரும் செய்திகளை வாங்கும் நான்காம் அடுக்கு தடித்திருக்கும். இயக்கப் பகுதியில் அது கண்ணுக்கே சரியாகத் தெரியாது, ஐந்தாம் அடுக்கின் பெரிய செல்கள்தான் தண்டுவடம் வரை இழைகளை அனுப்புகின்றன. வாங்கும் இடம், அனுப்பும் இடம் என்ற வேறுபாடு திசுவிலேயே எழுதியிருக்கிறது.

இயன்முறை மருத்துவத்துக்கு வந்த பிறகு அந்தப் படத்தை நானே பலமுறை வரைந்துவிட்டேன். பக்கவாதம் கண்டவரின் மனைவி கேட்பார்: "நடக்கத் தொடங்கிவிட்டாரே, கை மட்டும் ஏன் வரவில்லை?" காலுக்கான இடம் இரு அரைக்கோளங்களுக்கும் நடுவே, உட்பக்கத்தில் இருக்கிறது, அதற்கு இரத்தம் தருவது முன் மூளைத் தமனி. கைக்கும் முகத்துக்கும் உரிய வெளிப்பக்கம் நடு மூளைத் தமனியை நம்பியிருக்கிறது. பெரும்பாலும் அடைபடுவது இந்த நடுத் தமனிதான்.

பென்ஃபீல்டின் உருவம் அப்படியே நிலைத்துவிடவில்லை. இயக்கப் பகுதியில் கால், கை, வாய் ஆகியவற்றின் இடங்களுக்கு இடையிடையே, தனி உறுப்பு எதற்கும் சொந்தமில்லாத, முழு உடலின் செயலைத் திட்டமிடுவதோடு இணைந்த பகுதிகள் இருப்பதாக 2023இல் செயின்ட் லூயிஸ் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள். பள்ளத்தின் இரு கரைகளையும் தனித்தனி ராஜ்யங்களாக நினைப்பதும் சரியல்ல. கையில் உணர்ச்சி இழந்தவருக்குத் தசையில் வலு இருக்கும். ஆனாலும் கண்ணை வேறு பக்கம் திருப்பியதும் கோப்பை நழுவிவிடும். அதனால் நாங்கள் தசைக்கு மட்டும் வேலை கொடுப்பதில்லை. கண்ணை மூடிக்கொண்டு, கையில் இருப்பது துணியா, மரமா, சாவியா என்று தடவிச் சொல்லவும் பழக்குகிறோம்.