செடிபுட்டாச் சேலையும் காடா ரவிக்கையும்

திருநெல்வேலி மாவட்டத்து வீரவநல்லூரில், கரையை ஒட்டிச் செடி உருவங்கள் போட்டு நெய்யும் செடிபுட்டாச் சேலைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன்பின் ஆசையாக வாங்கியவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். ஆனால் சேலை பீரோவைவிட்டு வெளியே வருவதில்லை. இவ்வளவு நிறத்தை அன்றாடம் எப்படி உடுத்துவது என்ற தயக்கம்தான். என்னுடையது கிளிப்பச்சை உடல், அரக்குக் கரை. கரையை ஒட்டி மஞ்சளும் சந்தனமுமாகச் செடிகள். அதை அலுவலகத்துக்கும் உடுத்தியே தீருவது என்று இந்தக் கோடையில் இறங்கினேன்.

கரையின் நிறத்திலேயே ரவிக்கை என்பது நம் பக்கத்து வழக்கம். கல்யாண வீட்டுக்கு அது அழகு. ஆனால் அரக்கு ரவிக்கைமேல் அரக்குக் கரை விழும்போது இரண்டும் கலந்துவிடுகின்றன. நெசவாளர் பாடுபட்டுப் போட்ட செடிகள் எடுபடுவதில்லை. எனவே சேலையை அப்படியே விட்டு, மற்றவற்றில் நிறத்தைக் குறைத்துப் பார்த்தேன்.

வெள்ளை பாப்ளின் ரவிக்கை வீட்டுக்குள் நன்றாக இருந்தது. பாளையங்கோட்டை வெயிலில் இறங்கியதும் கண் கூசியது. பார்ப்பவர் கண் முதலில் தோளுக்குத்தான் போகும். கருப்பில் பச்சை அருமையாகத் துலங்கியது, மாலை நேரத்துக்கு மிகவும் பிடித்தது. ஆனால் விசேஷ வீட்டில் அத்தை, “நல்ல காரியத்துக்குக் கருப்பா?” என்று கேட்டுவிட்டார்கள். பெரியவர்கள் மனம் கோணாமல் இருப்பதும் உடுத்துவதில் சேர்ந்ததுதான். சாம்பல் நிறம் பச்சைக்குப் பக்கத்தில் லேசாகச் செம்மை தட்டிக் காட்டியது. அழுத்தமான நிறத்தின் அருகே மங்கலான நிறம் இருந்தால், கண் அதற்கு எதிர்ச்சாயலைத் தானே ஏற்றிக்கொள்ளும்.

நான் தேடியது காடாத் துணியில் கிடைத்தது. வெளுக்காத, சாயம் ஏறாத பருத்தி. கையில் எடுத்துப் பார்த்தால் பழுப்பு வெள்ளையில் பருத்தி விதைத் தோலின் துணுக்குகள் புள்ளி புள்ளியாகத் தெரியும். அந்தப் புள்ளிகளும் சொரசொரப்பும் வெயிலின் பளீரை வாங்கிக்கொள்கின்றன; செடிகளில் ஓடும் சந்தன நிற நூலுக்கு ரவிக்கையில் ஒரு துணை கிடைத்துவிடுகிறது. வெளிர் நிறம் எதுவானாலும் போதும் என்பதில் எனக்கு இப்போது உடன்பாடில்லை. சேலைக்குள்ளேயே இருக்கும் மெல்லிய நிறம் எது என்று பார்த்து, அதற்கு நெருங்கியதை எடுக்க வேண்டும்.

காடா சுருங்கும். இரவு முழுக்க ஊறப்போட்டு, பாவுக்கு இட்ட கஞ்சி போகும்வரை அலசி, காய்ந்து இஸ்திரி போட்ட பிறகே வெட்டக் கொடுக்க வேண்டும். தையல்கார அக்கா கழுத்தோரம் அரக்கு பைப்பிங் வைக்கலாம் என்றார்கள். வேண்டாம் என்று சொல்லி, முழங்கை வரை கை, குறுகிய கழுத்து, அவ்வளவுதான் தைக்கச் சொன்னேன். அந்த வெறுமையில்தான் கரை தனியாக நிற்கிறது.

பழுப்புத் தோல் செருப்பு, சின்னத் தோடு, சாயமிடாத கோரையில் பத்தமடைக் கைப்பை. கழுத்தில் எதுவும் இல்லை. ஆரம் போட்டால் செடியோடு போட்டி போடும்.

துவைக்கும்போது இரண்டையும் ஒரே வாளியில் போடாதீர்கள். அரக்குச் சாயம் கொஞ்சம் கசிந்தாலும் காடா பிடித்துக்கொள்ளும். அடுத்து, இதே துணியில் தங்கைக்கு நீளக் குர்தா தைத்து, அதன்மேல் மதுரைச் சுங்குடித் துப்பட்டா போட்டுப் பார்க்கப் போகிறேன். துணி இப்போது கொடியில் காய்கிறது.