மாயாவிக்குக் கரண்ட் போனால்?

2024இல் காமிக் கான் என்ற காமிக்ஸ் ரசிகர் திருவிழா சென்னை நந்தம்பாக்கம் வர்த்தக மையத்துக்கு முதன்முறை வந்ததிலிருந்து சூப்பர்ஹீரோ வேஷம் போட நம்ம ஊரில் ஆள் நிறைய. அந்த ஹீரோவாகவே மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டிக் கதையாக விளையாடத்தான் ஆள் குறைவு, எனக்கு அது பெரிய வருத்தம். நான் நடத்துவது மியூட்டன்ட்ஸ் அண்ட் மாஸ்டர்மைண்ட்ஸ், 2002இல் வந்த ஆட்டம், உருட்ட இருபது முகப் பகடை ஒன்று போதும். கதை நடத்துபவர் ஹீரோவின் பலவீனத்தைக் கிளறிச் சிக்கலில் மாட்டிவிட்டால் பதிலுக்கு அந்த ஆட்டக்காரருக்கு ஒரு ஹீரோ பாயின்ட், அதாவது பின்னால் பகடையை மறுபடி உருட்டவும் உதவும் சலுகைப் புள்ளி, தர வேண்டும், அருமையான விதி. 1972இல் முத்து காமிக்ஸ் தந்த இரும்புக்கை மாயாவியை எடுத்துக்கொள்ளுங்கள், மின்சாரம் பாய்ந்தால்தான் மறைவார், அப்போதும் அந்தக் கை தெரியும். வில்லன் வியாசர்பாடி முழுக்கக் கரண்டைத் துண்டிக்கட்டும், அப்புறம் பாருங்கள்! புதிதாக நடத்துபவர்கள் உலகை அழிக்கும் அரக்கனில் தொடங்காதீர்கள், பறக்கும் ரயிலில் ஒரு திருட்டு போதும்.