பப்பாசி மரத்தில் குத்திய ஈர்க்கு

எங்கள் பழைய மாணவர் சங்க மலருக்கு ஏதாவது எழுதித் தா என்று செயலாளர் அக்கா மூன்று தரம் ரெலிபோன் எடுத்துவிட்டார். கன்ரீன் றோல்சைப் பற்றி எழுத ஆட்கள் இருக்கிறார்கள். நான் எங்கள் பீ.ரி. (உடற்பயிற்சி) ரீச்சரையும் அம்பெய்கிற ஒரு கொரியக்காரியையும் பற்றி எழுதுகிறேன்.

1988. நான் ஏ.எல். (உயர்தர) வகுப்பு. யாழ்ப்பாணத்தில் இந்திய இராணுவம் நின்ற காலம், பள்ளிக்கூடம் ஒரு நாள் நடக்கும், ஒரு நாள் நடக்காது. ரீச்சர் பேப்பரில் வந்த படமொன்றை வெட்டிக்கொண்டு வந்து விளையாட்டு அறைக் கதவில் ஒட்டினார். நாண் நாடியில் முட்ட வில்லை இழுத்துப் பிடித்தபடி ஒரு பெட்டை. கிம் சூ நியுங். சோல் ஒலிம்பிக் அம்பெய்தலில் தனிப் போட்டியிலும் தங்கம், அணியிலும் தங்கம். "உங்கட வயதுதான் பிள்ளையள், பதினேழு" என்றார்.

எங்களுக்கு வில் என்றால் கலண்டர் படத்தில் இராமர் கையில் இருப்பது, அவ்வளவுதான். அந்தக் கிழமையே வேலியில் பூவரசந்தடி முறித்து, சணல் கட்டி, ஈர்க்கை அம்பாக்கிப் பின்வளவுப் பப்பாசி மரத்துக்கு விட்டோம். பத்து விட்டால் ஒன்று குத்தும். மரத்தில் பால் வடிவதைக் கண்டு அம்மா பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. ரீச்சரிடம் சொன்னால் அவர் சிரிக்காமல் மைதானத்தில் 70 மீற்றர் அளந்து, அந்தக் கரையில் ஒரு பால்மா ரின் மூடியை வைத்துவிட்டு வந்து எங்களைப் பார்க்கச் சொன்னார். எனக்கு மூடியே தெரியவில்லை. அம்பெய்தலில் 70 மீற்றருக்கு வைக்கிற இலக்கின் நடுவில் 10 புள்ளி வட்டம் 12.2 சென்ரிமீற்றர், ஏறக்குறைய அந்த மூடிதான்.

நான் உண்மையில் ஈட்டிக்காரி. எங்களிடம் இருந்தது ஒரே ஒரு ஈட்டி, அதுவும் நுனி வளைந்தது.

1989இலும் 1991இலும் கிம்தான் உலகச் சம்பியன். 1992 பார்சிலோனா வந்தபோது எங்களுக்குக் கரண்டும் இல்லை, பற்றரியும் இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து நான் பெடலைச் சுற்ற, டைனமோவில் றேடியோ பாட, அண்ணா காதை வைத்துக் கேட்டு "உன்ரை ஆளுக்கு வெள்ளி" என்றார். கை நோவில் சுற்றுவதை நிறுத்திவிட்டேன், செய்தியும் நின்றது. அந்த வருசம்தான் ஒலிம்பிக் அம்பெய்தலில் ஒருவருக்கு ஒருவர் மோதி, தோற்றவர் வெளியே போகிற முறை வந்தது. தங்கம் அவளுடைய அணித் தோழி சோ யுன் ஜியோங்குக்கு. அணித் தங்கம் மறுபடியும் இவர்களுக்கே.

அப்புறம் அவள் வில்லை வைத்துவிட்டாள். கலியாணம், இரண்டு பிள்ளைகள். 1996 அற்லாண்டாவில் அவள் இல்லை. நானும் அந்த வருசங்களில் இடம்பெயர்ந்து, கொழும்புக்கு வந்து, கலியாணம் கட்டி, சிட்னிக்கு வந்து, இரண்டு பிள்ளைகளுக்கும் தாயாகியிருந்தேன். ஈட்டியை நினைக்கவும் நேரமில்லை.

2000இல் சிட்னி ஒலிம்பிக் அணியில் அவள் பெயரைக் கண்டதும் அடுப்பை நிற்பாட்டிவிட்டுத் திரும்ப வாசித்தேன். 29 வயது. ரிக்கெற் வாங்கி, சின்னவனை இடுப்பில் வைத்துக்கொண்டு, போட்டி நடந்த ஹோம்புஷுக்குப் போனேன். பார்க்கிறவர்களுக்கு அம்பெய்தல் பெரிய சுவாரசியமான விளையாட்டு இல்லை, சொல்லிவிடுகிறேன். அம்பு போவது கண்ணில் படாது, திரையைத்தான் பார்க்க வேண்டும். ஆனால் தனிப் போட்டியில் கடைசி நான்கு பேரும் கொரியர்கள், மூவர் தெற்கு, ஒருத்தி வடக்கு. வெண்கலத்துக்கு இவளும் அந்த வடக்குப் பெண் சோ ஒக் சில்லும் எதிரெதிரே. தொடக்க விழாவில் இரண்டு நாடும் ஒரே கொடியின் கீழ் நடந்து வந்து சில நாள்தான். இருவருக்கும் ஒரே பாஷை. எனக்கு அது ஒரு மாதிரி இருந்தது.

வெண்கலம் இவளுக்கு. தங்கம் வென்ற யுன் மி ஜின்னுக்கு வயது 17! பிறகு அணித் தங்கமும் சேர்ந்தது. மூன்று ஒலிம்பிக்கில் மொத்தம் 4 தங்கம், 1 வெள்ளி, 1 வெண்கலம்.

ரிக்கெற் துண்டை வைத்து ரீச்சருக்குக் கடிதம் போட்டேன். மூன்று மாதம் கழித்துப் பதில் வந்தது. பிள்ளைகளைப் பற்றி ஒரு சொல் இல்லை. "நீ இப்ப ஈட்டி எறியிறனியோ?" என்று மட்டும் கேட்டிருந்தார். சின்னவனைத் தூக்கித் தூக்கி வலக்கை நல்லாத் தேறியிருக்கு ரீச்சர் என்று பதில் எழுதினேன்.