செம்பரம்பாக்கம் ஏரியின் நீர்ப்பரப்பை சென்டினல்-2 படங்களில் அளந்த விதம்

2019 கோடையில் வறண்டு கிடந்த செம்பரம்பாக்கத்தையும், 2023 கோடையில் இருந்த அதே ஏரியையும் ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் வேலை. சென்டினல்-2 ஐரோப்பாவின் பூமி கண்காணிப்பு செயற்கைக்கோள், அதன் படங்கள் இலவசம். பைத்தானில் படங்களைப் படிக்க ராஸ்டீரியோ, கணக்குப் போட நம்பை, படங்களைத் தேட பைஸ்டாக் கிளையண்ட், இவ்வளவு போதும்.

டைல் (படம் வெட்டித் தரப்படும் சதுரத் துண்டு) முழுவதையும் டவுன்லோட் செய்யத் தேவையில்லை. பிக்சல் 10 மீட்டர் அகலமுள்ள பேண்ட் (ஒரு அலைநீளத்தில் எடுத்த படம்) ஒன்றில் 10980 × 10980 பிக்சல்கள். ஃப்ளோட்32 (4 பைட் தசம எண்) ஆக்கினால் ஒரு பேண்டே 480 எம்பியைத் தாண்டும். கிளவுட் ஆப்டிமைஸ்டு ஜியோடிஃப் (வேண்டிய பகுதியை மட்டும் படிக்கக்கூடிய படக் கோப்பு) என்றால் ஏரியைச் சுற்றிய கட்டத்தை மட்டும் விண்டோவாகப் படித்துக்கொள்ளலாம். கட்டத்தின் எல்லையை டிகிரியில் கொடுத்தால் எரர்தான் வரும், இல்லையேல் காலி அரே. சென்னைப் படங்கள் ஈபிஎஸ்ஜி 32644 என்ற வரைபட ஆய முறையில், மீட்டர் கணக்கில் இருக்கின்றன.

கலங்கிய நீருக்கு என்டிடபிள்யூஐ (பச்சையையும் அருகு அகச்சிவப்பையும் ஒப்பிடும் நீர்க்குறியீடு) சரிப்படவில்லை. அதனால் பச்சை (பி3), ஸ்வேர் எனும் குறு அலை அகச்சிவப்பு (பி11) இரண்டையும் வைத்து அதன் திருத்திய வடிவமான எம்என்டிடபிள்யூஐ போட்டோம்: வித்தியாசத்தைக் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். பி11 20 மீட்டர் என்பதால் பி3-ஐ சராசரி எடுத்து 20 மீட்டருக்குக் கொண்டுவருவதே நேர்மை. பிக்சல்கள் யூஇன்ட்16 (மைனஸ் இல்லாத முழு எண்) வகை. அப்படியே கழித்தால் மைனஸ் வரவேண்டிய இடத்தில் 65,000 சொச்சம் வந்து, கட்டாந்தரையும் நீராகிவிடும். கழிப்பதற்கு முன்பே ஃப்ளோட்டாக மாற்றிவிட வேண்டும்.

பலரைக் கவிழ்ப்பது ஆஃப்செட். 2022 ஜனவரி 25 முதல் வந்த 04.00 பேஸ்லைனில் (படத்தைத் தயாரிக்கும் முறையின் பதிப்பு) எல்லா மதிப்புகளோடும் 1000 கூட்டப்பட்டிருக்கிறது. உதாரணமாக, நீரில் பச்சை 600, ஸ்வேர் 200 என்றால் விடை 0.5. ஆஃப்செட்டைக் கழிக்காமல் விட்டால் 1600, 1200, விடை 0.14. எரர் எதுவும் வராது, மேப்பும் பார்க்க நன்றாகவே இருக்கும், நீர் என்று கொள்ளும் வரம்பு 0-க்கு மேல் இருந்தால் ஏரி மட்டும் சுருங்கியிருக்கும். தேதியை வைத்து இதை முடிவு செய்யவும் கூடாது: பழைய படங்களும் புதிய பேஸ்லைனில் மறுபடி தயாரிக்கப்பட்டிருக்கின்றன, சில களஞ்சியங்கள் ஆஃப்செட்டைத் தாங்களே கழித்துத் தருகின்றன. ஒவ்வொரு படத்துக்கும் மெட்டாடேட்டாவைப் பார்த்தே கழிக்க வேண்டும்.

மேகத்துக்கு, ஒவ்வொரு பிக்சலும் எந்த வகை என்று சொல்லும் எஸ்சிஎல் பேண்டில் 3, 8, 9, 10 வகைகளை (மேக நிழலும் மேகங்களும்) நீக்கினோம். இந்த பேண்டை ரீசாம்பிள் செய்ய (பிக்சல் அளவை மாற்ற) நேர்ந்தால் நியரஸ்ட் (அருகிலுள்ள பிக்சலின் மதிப்பு) மட்டுமே. பைலீனியர் (சுற்றியுள்ள பிக்சல்களின் சராசரி) போட்டால் இல்லாத வகைகள் முளைக்கும். பளிச்சென்ற காய்ந்த ஏரிப்படுகையை எஸ்சிஎல் சில சமயம் மேகம் என்கிறது, ஆகவே 2019 படங்களைக் கண்ணாலும் பார்த்தோம். ஏரி எல்லைக்குள் 95 சதவீதம் பிக்சல்களாவது தேறாத படத்தை ஒதுக்கிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் மேகம் மறைத்த நீரெல்லாம் வற்றிய கணக்கில் சேரும்.

பிறகு எண்ணுவதுதான். 20 மீட்டர் பிக்சல் 400 சதுர மீட்டர், 25 பிக்சல் ஒரு ஹெக்டேர். எம்என்டிடபிள்யூஐ எவ்வளவுக்கு மேல் இருந்தால் நீர் என்பதற்கு வரம்பாக 0 வைத்துத் தொடங்கி, கரையோரம் பார்த்துக் கூட்டிக் குறைக்கலாம். ஆகாயத்தாமரை மூடிய பகுதி எந்த வரம்பிலும் நீராகத் தெரியாது. அதைத் தனியாகக் குறித்துவைக்க வேண்டும்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை இந்த முறையை நம்பி உட்கார முடியாது. மழைக்காலத்துக்கு மேகத்தை ஊடுருவிப் பார்க்கும் சென்டினல்-1 ரேடார்தான். காற்றில் அலையெழும் நாளில் அதிலும் நீர் தரைபோல வெளுத்துத் தெரியும்.