பி.ஏ.பி.எக்ஸில் ஃபேக்ஸ் மாட்டுமுன்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வக்கீல் ஆபீஸ், கிளினிக் என்று ஃபேக்ஸை இன்னும் விடாத இடங்கள் உண்டு. புது பி.ஏ.பி.எக்ஸ் (ஆபீஸுக்குள் போன்களை இணைக்கும் எக்ஸ்சேஞ்ச் பெட்டி) வைத்த மறுநாளே ‘ஃபேக்ஸ் போகவில்லை’ என்று கூப்பிடுவார்கள். மெஷினில் கோளாறு இருப்பது அபூர்வம். பேசுகிறவர்களின் வசதிக்காக பி.ஏ.பி.எக்ஸ் செய்து தருவது பலவும் ஃபேக்ஸுக்குத் தொந்தரவுதான்.

முதலில் போர்ட். டிஸ்ப்ளே போன் மாட்டியிருக்கும் டிஜிட்டல் சாக்கெட்டில் ஃபேக்ஸ் வயரும் கச்சிதமாகப் பொருந்தும். ஆனால் டயல் டோன் வராது, சில சிஸ்டத்தில் மெஷினின் லைன் போர்டே போய்விடும். வேண்டியது அனலாக் எக்ஸ்டென்ஷன். பி.ஏ.பி.எக்ஸின் பல கார்டுகளில் எஸ்.எல்.டி (SLT, சிங்கிள் லைன் டெலிபோன்) என்று போட்டிருக்கும். சந்தேகம் இருந்தால் பழைய சாதாரண போன் ஒன்றை அந்த வயரில் மாட்டி வெளியே ஒரு கால் போட்டுப் பாருங்கள். மெஷினில் ‘லைன்’, ‘எக்ஸ்ட்’ என்று இரண்டு துளை இருக்கும். சுவரிலிருந்து வரும் வயர் ‘லைன்’ துளைக்குத்தான்.

வெளி லைனுக்கு 0 அழுத்தும் சிஸ்டம் என்றால் மெஷினின் மெமரியில் 0, அடுத்து பாஸ் (pause, சிறு இடைவெளி), பிறகு டர்பன் கோடான 031 தொடங்கி 10 இலக்கமும். பாஸ் விட்டுப்போனால் லைன் கிடைக்குமுன்பே மெஷின் எண்ணை அடித்துத் தள்ளும். முதல் ஓரிரண்டு இலக்கம் காணாமல் போகும். இரண்டு 0 வருகிறதே என்று ஒன்றை அழித்துவிடுகிற கைகளும் உண்டு! உள்ளூர் எண்ணுக்கும் 10 இலக்கம் கட்டாயமானது 2007-இல். அதற்கு முந்தைய ஸ்பீட் டயல் எதையும் நம்பாதீர்கள்.

அந்த எக்ஸ்டென்ஷனுக்கு கால் வெயிட்டிங் கூடாது. நடுவில் விழும் ஒரு பீப் போதும், பக்கம் கெட்டுவிடும். பானசோனிக்கில் ‘டேட்டா லைன் செக்யூரிட்டி’ போட்டால் பீப்பும் வராது, குறுக்கே யாரும் நுழையவும் முடியாது. ஒரு போன் அடித்தால் இன்னொரு போனில் எடுக்க விடும் பிக்அப் குழுவிலிருந்தும் அந்த எக்ஸ்டென்ஷனை எடுத்துவிடுங்கள்.

செம்பு லைன் போய் ஃபைபரில் வாய்ஸ் வந்த ஆபீஸ்களில்தான் உண்மையான தலைவலி. ஜி.729 குரலுக்காகச் சுருக்கும் கோடெக், அதாவது ஒலியை டிஜிட்டலாக்கும் முறை. ஃபேக்ஸ் டோன் அதில் சிதைந்துபோகும். இரண்டு முனையும் டி.38 (இன்டர்நெட் வழி ஃபேக்ஸுக்கான முறை) பேசினால் அது, இல்லாவிட்டால் அப்படிச் சுருக்காத ஜி.711 கோடெக். ஒரு பக்கம் போய் மூன்றாவதில் அறுகிறதா? வழியில் பேக்கெட் (டேட்டா துண்டு) தொலைகிறது என்று முதலில் சந்தேகப்படுங்கள். மெஷினில் சூப்பர் ஜி3 என்ற அதிவேக மோடை அணைத்து, வேகத்தை 14400-இலிருந்து 9600-க்கு இறக்குங்கள். பிழை திருத்தும் வசதியான இ.சி.எம்-ஐ அணைக்கச் சொல்பவர்கள் உண்டு. அணைத்தால் கால் அறுவது குறையலாம்தான், ஆனால் கெட்டுப்போன வரிகளை மெஷின் திரும்பக் கேட்காது. வக்கீல் நோட்டீஸில் தொகை இருக்கும் வரி விழுந்தால் யார் பொறுப்பு? அதைக் கடைசி வழியாக வையுங்கள்.

லோட் ஷெடிங்குக்கு (முறைவைத்து வரும் மின்வெட்டு) பி.ஏ.பி.எக்ஸை மட்டும் யு.பி.எஸ்ஸில் போட்டுப் பயனில்லை. ஃபைபர் பெட்டி, ரவுட்டர், ஃபேக்ஸ் எல்லாமே அதில் இருக்க வேண்டும். லேசர் மெஷின் என்றால் பிரிண்ட் எடுக்கும்போது கரண்ட்டை அள்ளி இழுக்கும்; சின்ன யு.பி.எஸ் உடனே விழுந்துவிடும்.