கதவிடுக்கும் கடற்காற்றும்

எங்கள் சென்னைக் குடியிருப்பில், கிழக்கு நோக்கிய கூடத்தில் மாலைக் கடற்காற்று தாராளமாக வீசும்போதும், மேற்குப் படுக்கையறை மட்டும் இரவு 10 மணிக்கும் அனலாகவே கிடந்தது. இன்னொரு மின்விசிறி வாங்கலாம் என்றுதான் முதலில் யோசித்தேன். விசிறி அறையிலுள்ள காற்றைச் சுழற்றுமே தவிர, பகலெல்லாம் வெயில் குடித்த சுவர் உமிழும் வெப்பத்தை வெளியேற்றாது என்பது பிறகே உறைத்தது.

உள்ளே வரவும் வெளியே போகவும் தனித்தனி வழிகள் இல்லாத அறையில் காற்று ஓடுவதில்லை. படுக்கையறைச் சன்னல் திறந்தே இருந்தாலும், கதவைச் சாத்தியதும் கூடத்திலிருந்து வரும் பாதை அடைபட்டுவிடும். பழைய வீடுகளில் இருப்பதுபோலக் கதவுக்கு மேலே ஒரு திறப்பு வைத்து, அடியிலும் 2 செ.மீ. இடைவெளி விட்ட பிறகு, கூடத்தில் நுழையும் காற்று படுக்கையறைச் சன்னல் வழியே வெளியேறத் தொடங்கியது.

சமையலறை எக்ஸாஸ்ட் விசிறியின் கதை வேறு. சன்னல்களை அடைத்துவிட்டு அதை ஓட்டினால், வெளியே தள்ளும் காற்றுக்கு ஈடான காற்றை அது கழிவறைப் பக்கமிருந்துகூட இழுத்துக்கொள்ளும். அந்த நாற்றத்துக்காக நான் பிளம்பரை அழைத்ததை இங்கே விரிக்க விரும்பவில்லை. இப்போது கூடத்துச் சன்னலை ஒரு சாண் திறந்துவைத்தே ஓட்டுகிறோம். ஏ.சி. ஓடும் இரவுகளில் மட்டும் மேல்திறப்பை ஒரு பலகையால் மூடிவிடுகிறேன்.